கரண்டு வரும் புதன்

மாசியில் பதினொரு லட்சம் கியாட் சேர்ந்திருந்தது.
மடிப்பு விழுந்த நோட்டைக் கடையில் வாங்கமாட்டார்கள் என்று
பூவலிங்கம் ஒவ்வொன்றாய்ப் பாய்க்கடியில் பரப்பி
அதன் மேலேயே படுத்து நீவியிருந்தார்.
ஒரு சாயங்காலம் முழுக்க
நாங்கள் பணக்காரர்களாய் இருந்தோம்.

அப்புறம் கணக்கு நோட்டைத் திறந்தேன்.

கோயில் மண்டபம் மூன்று.
ஜெனரேட்டருக்கு டீசல் தனி.
மேளக்காரர் ரங்கூனிலிருந்து வரவேண்டும்,
வழியில் நாலு இடத்தில் நிறுத்துவார்கள்,
நாலு இடத்திலும் கொடுக்கவேண்டும்.
அதை என்ன பெயரில் எழுதுவது?
‘வழிச்செலவு’ என்று எழுதினேன்.

பெகு கடைத்தெருவில் பத்திரிகை அடிக்கிறவர்
வரிக்கு இவ்வளவு என்றார்.
எங்களுக்கோ ஆளுக்கு இரண்டு பெயர்.
வீட்டில் காந்திமதி,
ஃபேக்டரி அட்டையில் மா எய் எய் மோன்.
அவர் பூவலிங்கம், சைட்கார் லைசென்ஸில் கோ டின் சோ.
“நாலு பேருக்கா கல்யாணம்?” என்று சிரித்தார் அச்சுக்காரர்.
தமிழில் மட்டும் போட்டால்
என் வரிசையில் காலர் தைக்கிறவர்களுக்குப் படிக்க வராது.
பர்மிய மொழியில் மட்டும் போட்டால்
பெரியப்பா வரமாட்டார்.
“வராவிட்டால் ஆறு சாப்பாடு மிச்சம்” என்றார் பூவலிங்கம்.
முறைத்தேன்.
ஆறு என்று ஓரத்தில் குறித்தும் கொண்டேன்.

தாலிக்கு ஏழு லட்சம் ஒதுக்கியிருந்தோம்.
மாசியில் அதற்கு இரண்டு பே பொன் என்றார் ஆசாரி.
பங்குனியில் அதே காசுக்கு ஒன்றே முக்கால்.
தண்ணீர்த் திருவிழா முடிந்து
கடை திறந்த அன்று
ஒன்றரைக்கும் கொஞ்சம் கீழே.
நாங்கள் சும்மா இருக்கவில்லை.
நான் ஓவர்டைம் பார்த்தேன்.
அவர் மழையிலும் மிதித்தார்.
மத்தியானத் தேநீரை இரண்டு பேரும் விட்டோம்.
நாற்பதாயிரம் கூடியிருந்தது.
சேர்க்கச் சேர்க்கக் குறைகிற காசை
நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

இப்படியே போனால் ஐப்பசியில்
தாலி ஒரு குன்றிமணி இருக்கும்.
தையில்,
குன்றிமணியின் கறுப்பு மூக்கு மட்டும்.

அன்று ராத்திரி கரண்டு இல்லை.
மெழுகுவத்தியும் செலவுதான் என்று
இருட்டிலேயே அடித்தேன்,
தடவித் தடவி,
ஒவ்வொரு வரியாய்.
மண்டபம். டீசல். மேளம். பத்திரிகை. பிரியாணி.
விடிந்து பார்த்தால்
மாப்பிள்ளை சட்டையின் மேலும் கோடு போயிருந்தது.
“நீலச் சட்டை நன்றாகத்தானே இருக்கிறது”
என்றார். காலர் நைந்தது அது.
திருப்பிப் போட்டுத் தைத்துக்கொடுத்தேன்.

எட்டு மணிக்கு ஆசாரி கடையில் நின்றோம்.
“இன்றைய விலைக்கு எவ்வளவு வருமோ
அவ்வளவு கொடுங்கள்.
நாளைக்கு என்று சொல்லாதீர்கள்.”
அவர் எங்களைப் பார்த்தார்,
தராசைப் பார்த்தார்,
தட்டின் மேல் சுற்றிய காற்றாடியை நிறுத்திவிட்டு நிறுத்தார்.

எங்கள் வட்டாரத்துக்குப் புதன்கிழமை
காலை ஐந்திலிருந்து ஒன்பது வரை கரண்டு.
ஏழரைக்கு எமகண்டம், அதற்குள் முடிக்கலாம் என்றார் பூசாரி.
ஏழு மணிக்கு ஃபேக்டரி பஸ்,
அதற்குள் என் வரிசைப் பெண்கள் அட்சதை போட்டுவிடலாம்.
பஞ்சாங்கமும் மின்சார ஆபீசும்
ஒன்றாய்ச் சரி என்று சொன்னது
எனக்குத் தெரிந்து இதுதான் முதல் தடவை.

மண்டபம் வேண்டாம், கொடிமரத்தடி போதும்.
நாதஸ்வரம் பூவலிங்கத்தின் போனில் இருக்கிறது,
கோயில் ஸ்பீக்கரில் சொருகினால் தெரு முழுக்கக் கேட்கும்.
கிரைண்டர் ஓடும். இட்லி, சட்னி.
பத்திரிகைக்குப் பதில் நானே நடந்து போய்
அவரவருக்குப் புரிகிற பாஷையில் சொன்னேன்.
தொண்டை கட்டிக்கொண்டது, காசு இல்லை.

கடைசிப் பக்கத்தில் இருபத்தெட்டாயிரம் மிச்சம்.
“பெரியப்பாவுக்கு ஆறு சாப்பாடு” என்றார்.
எழுதினேன்.
ஏழு பேரோடு வருவார்,
எனக்குத் தெரியும்.