ஒன்றரை டிகிரி

முப்பத்தோரு வருடம் தொண்டிக்குப் போய்வந்தவர்
கடலைப் பார்த்ததில்லை என்றார்.
பஸ் அங்கே நிற்பது பதினோரு நிமிடம்.
அதற்குள் டீ, இன்வாய்ஸ், மூத்திரம்.
மீன்வாடை மட்டும் படியேறி வரும்,
டிக்கெட் எடுக்காமல்.

பூமிநாதன், கண்டக்டர், ஓய்வு.
"கடலோட ஒரு படம் எடுத்துக் குடும்மா.
கறுப்பு வெள்ளையில.
கலர்ல எடுத்தா
டூர் போன மாதிரி ஆயிரும்."

மணி நான்கு. வெயில் என் முதுகில்.
அந்தப் பக்கத்துக் கடலுக்கு அலை கிடையாது,
தட்டில் ஆறுகிற கஞ்சி.
ஒதுங்கிய கடற்புல் கரை நெடுக அழுகி
கறுப்பாக ஒரு கோடு இழுத்திருந்தது.
அதை அவர் பாதங்களுக்குக் கீழே வைத்தேன்.
என் நிழல் அவர் செருப்பை நக்கியது; ஒதுங்கினேன்.
நின்று பார்த்தால் அடிவானம்
அவர் கழுத்தை அறுக்கிறது.
ஈரமணலில் குப்புறப் படுத்தால்
முழங்காலுக்கு இறங்கிவிடுகிறது,
கடல் ஒரு நூல், மிச்சமெல்லாம் வானம்.
கடலோட என்றல்லவா கேட்டார்.
எழுந்து மண்டியிட்டேன்.
இடுப்புக்குக் கொஞ்சம் மேலே நின்றது,
காசுப்பை தொங்கிய உயரத்தில்.

"கையை என்ன செய்ய?"
ஒன்றும் செய்யாதீங்க என்றதும்
இடது கை தானாக மேலே போனது,
இல்லாத கம்பியைப் பிடிக்க.
பாதி வழியில் நின்றது.
வெட்கப்பட்டு இறங்கியது.
இறங்கும்போது அழுத்தினேன்.

ராத்திரி, தேவகோட்டை, மாடி அறை.
கீழே புரோட்டாக் கல்லில் கரண்டி கொத்துகிறது.
நிறத்தை உருவினேன்.
மகள் வாங்கித் தந்த இளநீலச் சட்டையும் வானமும்
ஒரே சாம்பல்.
தலையும் இரண்டு கைகளும் மட்டும்
கடல்மேல் மிதந்தன.
நீலத்தை இழுத்தால் வானம் கறுக்கிறது,
சட்டையும் கூடவே.
பங்காளிகள், ஒருவனைத் தொட்டால்
இன்னொருவனும் எழுந்து வருகிறான்.
காலர், தோள்பட்டை, அக்குள் மடிப்பு என்று
சட்டையைச் சுற்றி வரப்பு கட்டி
வானத்துக்கு மட்டும் இருட்டைத் திறந்துவிட்டேன்.

வலது ஓரத்துத் தண்ணீர் பாட்டிலை அழித்தேன்.
காக்கையை விட்டேன்.
கன்னத்து மருவைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.
இருக்கட்டும்.

பிறகு கடல்.
ஒன்றரை டிகிரி இடப்பக்கம் சரிந்திருந்தது.
என் தப்பு, முழங்கால் ஈரத்தில் அமிழ்ந்திருக்கும்.
திருப்பினேன்.
கட்டத்தின் கோட்டில் கடல் பொருந்தி உட்கார்ந்தது.
அவர் சாய்ந்தார்.

பழையபடி வைத்தேன்:
அவர் நேர், கடல் ஒழுகுகிறது.
திருப்பினேன்:
கடல் நேர், அவர் விழப் போகிறார்.
பெரிதாக்கினேன்.
அகன்ற கால்கள்,
இடது குதிகாலில் மொத்த எடை,
பை அறுத்துத் தாழ்த்திய வலது தோள்.
திருவாடானை வளைவில் நிற்கிற நிற்பு அது,
ஒரு கையில் டிக்கெட், விரலிடுக்கில் நோட்டு.
அசையாத மண்ணை அவர் உடம்பு
இன்னும் நம்பவில்லை.
முழங்கால் அமிழவில்லை.
அவரைப் பார்த்து என் கை சாய்ந்திருக்கிறது.

இரண்டு மணிவரை
இப்படியும் அப்படியும் கடலை ஆட்டினேன்.
எனக்கே குமட்டல் வந்தது.
சரி, சாயட்டும் என்று விட்டேன்.
தொழில் தெரிந்த யாரும் ஒப்பமாட்டார்கள்.

வியாழக்கிழமை வந்தார்.
ஜன்னல் வெளிச்சத்தில் படத்தை நீட்டிப் பிடித்தார்.
லேசாகத் திருப்பினார்,
திரும்பப் பழையபடி.
"கடல் ஒரு பக்கமாப் போகுதே."
போகுது, என்றேன்.
"யாரு ஓட்டுறது?" என்றார்.

முந்நூற்றைம்பது ரூபாய்.
ஐந்நூறாக நீட்டினார்.
என்னிடம் ஒரு நூறுதான் இருந்தது.
"சில்லறை இல்லாம ஏறக் கூடாதும்மா" என்றார்
முப்பத்தோரு வருடத்துக் குரலில்.
படத்தைத் திருப்பி, பின்பக்கம்
பென்சிலால் எழுதி வட்டம் போட்டேன்:
மீதி 50.

இன்னும் வாங்க வரவில்லை.