வடிகோடு

அறுபத்திரண்டு மில்லிமீட்டர் அகலம், நாற்பது உயரம்.
எனக்குக் கிடைத்த நிலம் அவ்வளவுதான்.
அதில் ஒரு பெயர், ஒரு எச்சரிக்கை,
காலாவதித் தேதிக்குக் கொஞ்சம் வெற்றிடம்,
மிச்சத்தில் அழகு.

"பழசாத் தெரியணும்" என்றார் தாலிவால்டிஸ்.
"பழைய சரக்கு மாதிரித் தெரியக் கூடாது."
ஜூனிபர் காயில் காய்ச்சிய இருமல் மருந்து அவருடையது.

ரீகாவில் பழசுக்கா பஞ்சம்?
பிப்ரவரியின் உறைந்த சேற்றை மிதித்துக்கொண்டு,
வளைவுப் பைத்தியம் முற்றிய ஒரு காலம் கட்டிவிட்டுப் போன
தெருவுக்குப் போனேன்.
ஜன்னலுக்கு ஜன்னல் அல்லி,
தூணுக்குத் தூண் மயில்,
வாசல்களின் மேலே வாய் பிளந்த பெண்கள்
(எதைக் கண்டு அலறுகிறார்களோ, வாடகையையா?).

கழுத்து வலிக்க வரைந்தேன்.
இரவு திரையில் விரித்துப் பார்த்தால்
அல்லி அல்லியாகத்தான் இருந்தது,
செத்த அல்லியாக.
மயிலைத் திருப்பி, புரட்டி,
இரண்டாக்கி எதிரெதிரே நிறுத்தினேன்.
கல்யாணப் பத்திரிகை வந்தது.
மருந்து வரவில்லை.

மூன்றாம் நாள், சாரம் கட்டிய ஒரு வீட்டின்
உச்சியிலிருந்து குரல்:
"அங்கேருந்து என்ன தெரியும்? ஏறி வாங்க."
குந்தார்ஸ். என் வயதில் பாதி.
காதில் பாட்டு, பல்லிடுக்கில் சூரியகாந்தி விதை.
தலைக்கவசத்தை எறிந்தான். பிடித்தேன்.

நாலாம் மாடியில் அவள் முகம்.
என் முழங்கை முதல் விரல்நுனி வரை
மூக்கு மட்டும்.
கீழிருந்து பார்த்த பட்டுக் கூந்தல்
உச்சியில் செதுக்கப்படவே இல்லை.
இங்கே யார் வந்து பார்க்கப்போகிறார்கள் என்று
அள்ளி அப்பிய சுண்ணாம்பில்
நாலு விரல்தடம்.
வலது நாசியில் போன கோடையின் குளவிக்கூடு.

தாடைக்கு அடியில் தொட்டேன்.
மூன்று நாளாக நான் வரைந்து தோற்ற வளைவு
உள்ளே ஒரு விரல் ஆழத்துக்குக் குழிந்திருந்தது.
"இது எதுக்கு?"
"தண்ணிக்கு" என்றான், தோலைத் துப்பிவிட்டு.
"பனி உருகினா செவுத்தோட வழியக் கூடாதில்ல?
இந்த விளிம்புக்கு வந்து சொட்டிடும்.
பூவெல்லாம் அதைச் சுத்திப் போட்டதுதான்."
உண்மையோ, அவன் அவிழ்த்துவிட்டதோ, தெரியாது.

மதியம் கொஞ்சம் வெயில் எட்டிப் பார்த்தது.
அவள் கூந்தலுக்குள் நுழைந்த நீர்
கன்னத்தில் இறங்காமல் காதோரம் திரும்பி,
அல்லித்தண்டு வழியே ஓடி,
இலை நுனியில் தயங்கி
விழுந்தது.
ஈரம் போன இடமெல்லாம் கோடு கறுத்தது.

வீட்டுக்கு வந்து
தாலிவால்டிஸ் தந்த மாதிரிப் புட்டியைத் திறந்தேன்.
ஒரு கரண்டி குடித்தேன், இருமலே இல்லாமல்.
மூடும்போது, எல்லா வீட்டிலும் நடப்பதுதான்,
வாயோரம் ஒரு பழுப்புத் துளி பிதுங்கிக்
கழுத்தில் இறங்கியது.
எங்கே போகிறாய் என்று
பென்சிலோடு பின்னாலேயே போனேன்.

கதிக்கிஸ். செடிக்கும் மருந்துக்கும் அதே பெயர்.
எங்கள் மொழியில் அதன் ஐந்தாம் எழுத்துக்கு அடியில்
ஒரு கால்புள்ளி தொங்கும்,
விழ மறந்த சொட்டு போல.
நாற்பத்தேழு வயது வரை அதை எழுதியிருக்கிறேன்,
பார்த்தது அன்றைக்குத்தான்.
கொடி அங்கே தொடங்கியது.
ஊசியிலைகள், மூன்று காய்,
எச்சரிக்கையைச் சுற்றி ஒரு திருப்பம்.
எல்லாவற்றுக்கும் விளிம்பு மட்டும் மையில்;
உள்ளே மை உறிஞ்சாத, மருந்து உறிஞ்சும்
வெறும் காகிதம்.

"இன்னும் முடியலையே" என்றார் தாலிவால்டிஸ்.
"முடியல."
"மருந்து வடிஞ்சா லேபிள் அழுக்காகுமே?"
"ஆகட்டும்."
புட்டியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
பிறகு காகிதத்தின் விலையைக் கேட்டார்.

நவம்பரில் ஒரு ராத்திரி
பக்கத்து வீட்டு விஸ்மா கதவைத் தட்டினாள்.
சுவருக்கு அந்தப் பக்கம் அவள் பையன்
ஆறு நாளாக இருமிக்கொண்டிருந்தான்.
"சின்னக் கரண்டி இருக்கா? எங்கே வெச்சேன்னே தெரியல."
கையில் புட்டி.
தண்டு முழுக்கப் பழுப்பேறி, இலைகள் கறுத்து,
இரண்டு காய் கனிந்து,
ஒன்று மட்டும் இன்னும் வெள்ளையாக.

"பாருங்க, லேபிளையே நாசம் பண்ணிட்டேன்" என்றாள்.

கரண்டி தேடப் போனேன்.