சூழல் வேறுபொருள் வேண்டினாலன்றி

பக்கத்துக்கு நூற்றிருபது ரூபாய்.
கேணிக்கரை மாடியறையில் மூன்று இரவு உட்கார்ந்து
கடலோர மேலாண்மைத் திட்ட வரைவைத் தமிழாக்கினேன்.
முதல் பிரிவு சுலபம்:
பெயர், எல்லை, நடைமுறைக்கு வரும் நாள்.
இரண்டாம் பிரிவில்தான் தரைதட்டியது.

"திட்டம்" என்பது
ஆறாம் பிரிவின்படி வகுத்த உத்திகளின் தொகுப்பு.
"உத்தி" என்பது
திட்டத்தின் குறிக்கோளை எய்த
உரிய அலுவலர் அறிவிக்கை செய்த வழி.
"குறிக்கோள்" என்பது
திட்டத்தில் குறிக்கோள் எனக் குறிக்கப்பட்டது.
தலைக்கு மேல் மின்விசிறி போல
மூன்று றெக்கையும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன.
காற்று வந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன்.

அகர வரிசைக்கு மாற்றியபோது
கரைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தது கப்பல்துறை.
நான் ஒன்றும் செய்யவில்லை. எழுத்து அப்படி.

பாம்பன் புயல் காப்பகத்தில் கருத்துக்கேட்பு.
நாற்பது நாற்காலி, ஒரு மைக், அதற்கும் இருமல்.
இரண்டாம் பிரிவை நான்தான் வாசித்தேன்.
"உயர் ஓதக் கோடு" என்று வாய் எடுத்ததும்
நம்புராணி எழுந்தாள்.
பாசி பறித்த விரல்களில் துணிச்சுற்று இன்னும் ஈரம்.

"கோட்ட எங்க போட்டிருக்கீக?
ஆண்கடல்லயா, பெண்கடல்லயா?
வாடைக்கு இந்தப் பக்கம் ஏறும்,
கச்சானுக்கு அந்தப் பக்கம்.
ஒத்தக் கோட்டுல ரெண்டும் எப்படி நிக்கும்?"

அது அளவைப் பிரிவின் வேலை என்றார் துணை அலுவலர்.

"சரி. நாங்க பாசிக்குப் போறதுக்கு
என்ன பேரு வச்சிருக்கீக?"

பதினோராம் பக்கம்.
"நீடித்திராத வளப் பிரித்தெடுப்பு."
என் தமிழ்தான்.
அன்றிரவு எனக்கே பிடித்திருந்தது.

"மாசத்துல பன்னெண்டு நாளுதான் போறோம்.
மிச்ச நாளு வளரட்டும்னு விட்டுர்றோம்.
மரிக்கொழுந்தை வேரோட புடுங்கினா
சங்கத்துல தண்டம் கட்டணும்.
இதுக்கு என்ன பேரு?"

பக்கங்களைப் புரட்டினேன்.
சொல் கையிலேயே இருந்தது.
அறிவிக்கை செய்தவர் யாருமில்லை, அவ்வளவுதான்.
"குறித்துக்கொள்ளப்பட்டது" என்று எழுதிக்கொண்டார் அலுவலர்.
குறித்துக்கொள்வது என்றால் என்ன என்று
இரண்டாம் பிரிவில் இல்லை.

தேநீர் இடைவேளை.
வெளியே மணலில் பிள்ளைகள் உத்தி பிரித்தார்கள்.
இரண்டு பேர் தோளில் கைபோட்டுத் தள்ளிப்போய்
காதுக்குள் பேர் வைத்துக்கொண்டு வந்தார்கள்.
"உத்தியாம் உத்தி.
சுறா வேணுமா, சூறாவளி வேணுமா?"
தலைவி கொஞ்சம் யோசித்தாள். கடல் பிள்ளை.
"சுறா."
சுறா என்பது அந்தோணியின் மகன்.
சூறாவளி என்பது மூக்கு ஒழுகும் குட்டி.
இந்த ஆட்டத்தின் பொருட்டு.
விளக்கு வைத்ததும் அவரவர் பேர் அவரவரிடம்.

எங்கள் வரைவில் விளக்கு வைக்கும் நேரம் இல்லை.
ஒருமுறை பிரித்தெடுப்பு என்று பேர் வைத்துவிட்டால்
அவள் வீட்டுக்குப் போகும்போதும் அதுதான் பேர்.

கடைசிப் பேருந்தில் பாலம் ஏறினேன்.
ஜன்னல் கம்பியில் உப்பு.
இடப்பக்கம் ஒரு கடல், வலப்பக்கம் ஒரு கடல்,
நடுவில் மடியில் ஒரு கோப்பு:
"இதில் வரையறுக்கப்படாத சொற்கள்
முதன்மைச் சட்டத்தில் உள்ள பொருளையே கொண்டிருக்கும்."
வீட்டுக்கு வந்து முதன்மைச் சட்டத்தைத் திறந்தேன்.
கடல் என்று தேடினேன்.
கடலோரம் இருந்தது, கடல்சார் இருந்தது,
தனியாகக் கடல் இல்லை.

விடிவதற்குள் அனுப்ப வேண்டும்.
உத்திக்குக் கீழே ஒரு வரி சேர்த்தேன்:
"பன்னிரண்டு நாள் சென்று
மீதி நாள் செல்லாதிருத்தலையும் இது உள்ளடக்கும்."
மூலத்தில் இல்லாத வரி.
யாராவது ஒப்புநோக்கி அடிக்கும்வரை இருக்கும்.

அதனால் ஒரு பக்கம் கூடிவிட்டது.
நூற்றிருபது சேர்த்தே பில் போட்டிருக்கிறேன்.