இறங்கினாள் என்பதற்குத் துணைவினை

ஹட்டனில் மருந்துக்கடைக்கு மேலே
ஞாயிறு காலை வகுப்பு. ஒன்பது பேர்.
ஏழு பேருக்குப் பாரிசில் யாராவது இருக்கிறார்கள்.
எனக்கு இருப்பது தலவாக்கலை ரோட்டில்
ஒரு தேயிலை ஃபெக்டரி,
அதை வெளிநாட்டாருக்குச் சுற்றிக் காட்டும் வேலை.
பிரெஞ்சு பேசினால் மாதம் நாலாயிரம் கூட.

நடந்து முடிந்ததைச் சொல்ல
அந்த மொழிக்கு ஒரு வினை போதாது.
முன்னால் இன்னொன்று துணைக்கு வரவேண்டும்.
பெரும்பாலும் அவ்வுவார், உடைமையின் வினை.
சாப்பிட்ட சோற்றை வைத்திருக்கிறேன்,
பார்த்த மழையை வைத்திருக்கிறேன்,
தொலைத்த அடையாள அட்டையைக்கூடத்
தொலைத்ததாக வைத்திருக்கிறேன்.

தமிழில் அப்படி ஒரு வினையைத் தேடினேன்.
வைத்திருக்கிறேன் என்பதற்குள்ளும்
இரு தான் உட்கார்ந்திருக்கிறது.
என்னிடம் இருக்கு என்கிறோம்,
பூனை பக்கத்தில் இருப்பது போல.
லயத்துக் காம்பராவும் அப்படித்தான்
நாலு தலைமுறையாக எங்கள் பக்கத்தில் இருக்கிறது.
உறுதி கம்பனியிடம்.

சில வினைகள் மட்டும் எத்ர் கேட்கும்: இரு.
பஸ்ஸில் மனனம் செய்தேன்.
போ, வா, ஏறு, இறங்கு, விழு,
கொட்டகலையில் பிற, பத்தனைச் சந்தியில் சா.
பட்டியலின் கடைசியில் தங்கு.
அசையாமல் கிடப்பதை ஏன்
பயணங்களோடு சேர்த்தார்களாம்?
வகுப்பே சிரித்தது.
தலைமன்னாரில் கப்பலேறியது பெரியப்பா குடும்பம்.
பேர் வராததால் தங்கியது அப்பா.
மூட்டை ரெண்டு வீட்டிலும் கட்டியிருந்தார்கள்.

எத்ர் வந்தால் வினையில் பால் ஒட்டும்.
பெண் என்றால் கடைசியில் ஓர் எழுத்து,
எழுதணும், ஒலிக்காது.
அவ்வுவாருக்குப் பறிப்பவள் யாரென்பது ஒரு பொருட்டில்லை.
ஆனால் பறித்தது முன்னால் வந்து நின்றால்,
கொழுந்து, அதை அவள் பறித்தாள் என்கிற மாதிரி,
வினை கொழுந்துக்கு வளைந்துகொடுக்கும்.
புதிதாகப் படிக்க ஒன்றுமில்லை.
நிறுவை நடக்கும் இடத்தில்
சின்ன வயதிலேயே பார்த்த இலக்கணம்.

போன செவ்வாய் லியோனிலிருந்து ஒரு தம்பதி.
கணவர் வாட்டும் தட்டைப் படமெடுக்க,
அந்தம்மா கேட்டார்:
உங்கள் அம்மாவும் இங்கேதானா?
நான் ஜன்னலுக்கு வெளியே மேல்மலையைக் காட்டி,
மா மேர் அ தெசாந்து என்றேன்.
இருபத்தேழு வருசம் ஏறினாள்,
பிறகு ஒருநாள் அம்மா இறங்கிவிட்டாள்
என்று சொல்ல நினைத்தது.
எத்ர் வரவேண்டிய இடத்தில் அவ்வுவார்.
அரைப் பேர் போடுகிற தப்பு.

அவர் திருத்தவில்லை. காத்திருந்தார்.
என் வாக்கியம் அவருக்கு இன்னும் முடியவில்லை.
பிறகு மெதுவாக, குவா? என்றார்.
எதை?

வெறுங்கையோடு இறங்கினால் எத்ர்.
எதையாவது இறக்கினால் அவ்வுவார்.
வினை அதேதான்.
நம்மிடம் என்றால் நடுவில் மெல்லினம்
வல்லினமாகிவிடும்: இறங்கினாள், இறக்கினாள்.
அவர்கள் துணையை மட்டும் மாற்றுகிறார்கள்.

எதை?
பின்னால் ரோலர் அரைத்துக்கொண்டிருந்தது.
பதினெட்டுக் கிலோ என்றேன், காலையில்.
மத்தியானம் பதினாலு.
தண்ணீருக்கென்று கழித்த ரெண்டு கிலோவும்
அவள் தலையில்தான் வந்தது.
நனைந்த படங்கு. அட்டை கடித்த கால்.
ஒரு மார்கழியில், ஏழாம் மாதத்தில்,
என்னை.

அந்தம்மா ஒன்றும் சொல்லவில்லை.
கணவர் வந்து ருசி பார்க்கும் அறை எங்கே என்றார்.
கூட்டிப் போனேன்.

இரவு நோட்டில் அதை எழுதிப் பார்த்தேன்.
அவர்கள் மொழியில் என்னை முன்னால் வருகிறது,
நானோ பெண்,
ஆகவே இறக்கினாள் என்பதன் கடைசியில்
அந்த எழுத்தைப் போடவேண்டும்.
பகலில் வாயால் சொன்னபோது தெரியவில்லை.
போட்டேன்.