நான்கு அங்குல இடம்

'மனைவி கண்டதை இங்கே எழுதுக.'
கோடு போட்டு நான்கு அங்குலம் தந்திருக்கிறார்கள்.

டுலூத்தில் ஜனவரி.
நள்ளிரவில் ஏரியின் பனிப்பாளம் வெடிக்கும்.
ஊர் புரண்டு படுக்கும்.
லைல் என்னையும் இழுத்துக்கொண்டு
கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்து கிடப்பான்.
என் பின்னந்தலையில் அவன் உள்ளங்கை,
பாரமாக.
"தலையைத் தூக்காதே, ஒசூனா."

என் பெயர் ஒசூனா இல்லை.

வாரத்துக்கு எத்தனை முறை?
ஏரியைத்தான் கேட்க வேண்டும்.

முதுகுக்கு ஐம்பது சதவீதம், காதுக்கு முப்பது.
கூட்டினால் எண்பது வராதாம், அறுபத்தைந்துதானாம்.
முதல் காயம் போக
மிச்சமிருக்கும் மனிதனில்தான்
அடுத்த காயத்தைக் கணக்கிடுவார்களாம்.
போனில் அந்தப் பெண் பொறுமையாகத்தான் சொன்னாள்.
அவள் பக்கத்தில் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது.

மிச்சமிருக்கும் மனிதன்
கராஜில் பனிவாரும் எந்திரத்தை
மூன்றாம் முறையாகப் பிரித்துப் போட்டிருக்கிறான்.
அதில் ஒரு பழுதும் இல்லை.

ஒசூனா யாரென்று
பதினோரு வருடமாக நான் கேட்டதில்லை.
பெயரை எழுதினேன்.
உடனே அடித்தேன்.
மை மெல்லியது;
அடித்த கோட்டுக்குக் கீழே
இன்னும் படிக்க முடிகிறது.

வேறு படிவம் இல்லை.
கையெழுத்துப் போட்டுவிட்டேன்.