சித்தப்பா நின்ற தரை

சனிக்கிழமைக்குள் சொல்லிவிடு என்றார் ஞானராஜ்.
பேனா என்றால் நாலாயிரத்து எண்ணூறு,
மவுஸ் என்றால் முன்னூற்று ஐம்பது,
இரண்டும் வாங்க இது என்ன
எக்ஸ்போர்ட் கம்பெனியா.

காரைக்குடி கல்லுக்கட்டி மேற்கில், மாடி ஸ்டூடியோவில்
ஆறு வருடமாக நான் துடைத்த முகங்கள்
கொப்புடையம்மன் தேர்க் கூட்டத்துக்குக் காணும்.
பரு, எண்ணெய்ப் பிசுக்கு, தூங்காத கண்ணடிக் கறுப்பு,
திருப்பூட்டும் நேரம் பார்த்துக் குறுக்கே வந்த
வீடியோக்காரரின் முழங்கை.
எல்லாம் மவுஸால்.
கிளிக், கிளிக், கிளிக்.
ராத்திரி சோறு பிசையும்போதும்
மணிக்கட்டுக்குள் அது ஓடிக்கொண்டிருக்கும்.

எலும்பு டாக்டர் ஒரு பட்டை கட்டிவிட்டு
ஒரு மாதம் கையை அசைக்காதே என்றார்.
வைகாசி, டாக்டர், என்றேன்.

மதுரையிலிருந்து இரவல் வந்தது பலகை.
சிலேட்டு மாதிரி கறுப்பு, சிலேட்டைவிட மெலிசு.
எழுதினால் அதில் ஒன்றும் விழாது,
விழுவதெல்லாம் எதிரே திரையில்.
கை ஒரு ஊரில், கண் ஒரு ஊரில்.
முதல் நாள் மணப்பெண்ணின் புருவம் திருத்தப் போய்
காதுவரை மீசை வைத்தேன்.
கன்ட்ரோல் இஸட்டுக்குப் புண்ணியம்.

இரண்டாம் நாள் வலது கையில் டீ கிளாஸ்.
பேனாவைச் சும்மா இடது கையில் எடுத்தேன்.
போகச் சொன்ன இடத்துக்குப் போனது கோடு.
பீச்சாங்கைக்காரியா என்று
அங்கே யாரும் என்னைக் கேட்டதில்லை.
மவுஸ் ஒயர் வலப்பக்கம்தான் எட்டும்,
நானும் சொன்னதில்லை.
அழுத்தினால் அடர்ந்தது, தளர்த்தினால் மெலிந்தது.
மவுஸுக்கு உண்டு, இல்லை, இரண்டே பேச்சு.
பேனாவுக்குப் ‘பார்க்கலாம்’ என்று இழுக்கத் தெரியும்.

அந்த வாரம்தான் கானாடுகாத்தான் ஆல்பம்.
பெண்ணின் அப்பா மெய்யப்பன் வந்து
குரூப் போட்டோவில் விரல் வைத்தார்.
இவர் வேண்டாம்.
இவர், அவர் தம்பி.
கல்யாணத்துக்கும் ஆல்பத்துக்கும் நடுவில்
வீட்டுப் பங்கு கோர்ட்டுக்குப் போயிருந்தது.

சித்தப்பாவின் கை பெண்ணின் தோளில் இருந்தது.
நாலு விரல், ஒரு மோதிரம்.
பேனாவால் விரல் விரலாக எடுத்தேன்,
அடியில் பட்டுச் சரிகையை
இழை இழையாக வரைந்துகொண்டே.
அவள் முடி அவர் சட்டைமேல் பறந்த இடத்தில்
மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.
மவுஸ் அங்கே கத்தரிக்கோல் போட்டிருக்கும்.

வேட்டிக்குக் கீழே தரை.
ஆத்தங்குடிக் கல். சிவப்பு, பச்சை, நடுவே மஞ்சள் பூ.
பேனாவால் போட்டால் கோடு குடித்துவிட்டு நடக்கிறது.
மவுஸை எடுத்தேன்.
பக்கத்துக் கல்லைப் பிடித்து நகர்த்தி
விளிம்போடு விளிம்பு சேர்த்து, ஒரு கிளிக்.
அடுத்தது.
பதினொரு கல்.
கோர்ட்டில் இழுத்துக்கொண்டிருப்பது
இந்தப் பதினொன்றையும் சேர்த்துத்தான்.
அவர் நின்ற இடத்தை அண்ணனுக்கு
மத்தியானத்துக்குள் எழுதிக் கொடுத்துவிட்டேன்,
முத்திரைத்தாள் இல்லாமல்.

மெய்யப்பன் பார்த்தார். பெரிதாக்கிக் காட்டச் சொன்னார்.
“ஆள் நின்ன அடையாளமே இல்லையே” என்றார்,
பாராட்டா என்று தெரியவில்லை.
கொஞ்ச நேரம் கழித்து,
“பிள்ளைக்கு அந்தத் தோள் மட்டும் ஏன் இறங்கியிருக்கு?”
கை இருந்த தோள், ஐயா. நிமிர்த்தட்டுமா?
செருப்பைத் தேடினார்.
படியில் இரண்டு இறங்கிவிட்டுச் சொன்னார்:
“இருக்கட்டும்.”

சித்தப்பா லேயரை நான் அழிக்கவில்லை.
கண் குறியை மட்டும் மூடியிருக்கிறேன்.
கேஸ் எந்தப் பக்கம் போகுமோ.

சனிக்கிழமை ஞானராஜ் கேட்டார்.
பேனா, என்றேன். இடது கைக்கு.
அப்போ மவுஸ்?
பழசே போதும், தரை போட.
அவர் என் கையை முதல் தடவையாகப் பார்த்தார்.
பிறகு மதுரைக்குப் போன் போட்டு
இரவல் கொடுத்தவனிடமே
செகண்ட் ஹேண்ட் விலை பேச ஆரம்பித்தார்:
“கீறல் விழுந்திருக்கேப்பா, இடது ஓரத்துல.”