சாட்சி எண் இரண்டு

டுலூத் நகரத்துக் கோர்ட்டுக் கட்டடம்.
மூன்றாம் மாடி, ஆறு நாற்காலி, ஒரு கொடி.
ஜன்னலுக்கு வெளியே ஏரி என்றார்கள்.
அக்கரை தெரியாத தண்ணீரை
ஏரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மகள் நீலப் பட்டு. கீழே குளிருக்குப் பூட்ஸ்.
மாப்பிள்ளை பெயர் ஐவர்.
முதன்முதலில் போனில் கேட்டபோது
என் மனைவி கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.
"ஒருத்தன்தாம்மா, பேர்தான் அப்படி" என்று
மகள் சிரித்த சிரிப்பிலேயே
பாதிச் சம்மதம் வாங்கிவிட்டாள்.
மனைவிக்கு விசா இரண்டு முறை மறுத்தார்கள்.
எனக்குக் கொடுத்தார்கள்.
இரண்டுக்கும் காரணம் சொல்லவில்லை.

முப்பத்தொரு வருடம்
அருப்புக்கோட்டைச் சார்பதிவாளர் அலுவலகத்தில்
கல்யாணம் எழுதியவன் நான்.
பெயர், வயது, தொழில், தகப்பனார் பெயர்.
தகப்பனார் பெயர் கேட்டால்
சில பெண்கள் குரலைத் தாழ்த்துவார்கள்,
அவர் அந்த அறையில் எங்கோ இருப்பதுபோல.
நிமிர்ந்து பார்க்காமல் எழுதுவேன்.
மை ஒற்றி, சீல் வைத்து, அடுத்து.

ஒருமுறை ஒருவர் பிந்தி வந்தார்.
சத்தம் போடவில்லை, ஆள் கூட்டி வரவில்லை.
வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து
"கையெழுத்துப் போட்டாச்சுங்களா" என்றார்.
"ஆச்சு, வீட்டுக்குப் போங்க" என்றேன்.
அன்றைக்குத் தயிர்சாதம், எலுமிச்சை ஊறுகாய்.
இது ஏன் ஞாபகம் இருக்கிறது என்று தெரியவில்லை.
சாப்பிட்டுக் கை கழுவ வந்தபோதும்
அந்தச் செருப்பு அங்கேயே கிடந்தது.

இங்கே படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
தகப்பனார் பெயருக்குக் கட்டம் இல்லை.
தொழில் புத்தி, பின்பக்கமும் பார்த்தேன்.
பிறகுதான் கண்ணில் பட்டது.
மங்கையர்க்கரசி என்று அவள் கட்டத்தை நிறைத்திருக்க
பக்கத்துக் கட்டத்தில், கடைசிப் பெயராக, குருசாமி.
பள்ளிக்கூடத்தில் ஒற்றை எழுத்தாக முன்னால் நின்றவன்
கடல் தாண்டியதும் முழுதாகப் பின்னால் வந்து நிற்கிறேன்.
பல் டாக்டரிடம், வங்கியில், வாடகைச் சீட்டில்
என் பெயர் சொல்லித்தான் அவளைக் கூப்பிடுகிறார்களாம்.
குருசாமி, உள்ளே வரலாம்.

"கல்யாணத்துக்குப் பிறகு என்ன பெயர்?"
மேஜைக்கு அந்தப் பக்கத்துப் பெண் கேட்டாள்.
நான் கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
"இதேதான்" என்றாள் மகள்.
என் பக்கம் திரும்பித் தமிழில்,
"பாஸ்போர்ட் மாத்துறது பெரிய ரோதனைப்பா."
இருக்கலாம்.
காரணம் எதுவானால் என்ன, பதிவாகிவிட்டது.

சாட்சி எண் ஒன்று, ஐவரின் அம்மா மார்லிஸ்.
பனிக்காலத்தில் சாலைப் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவர்.
கை குலுக்கினால் நமக்கு வலிக்கிறது.
சட்டைப்பையில் சொந்தப் பேனா, என்னைப் போலவே.
சாட்சி எண் இரண்டு, நான்.
எத்தனை சாட்சிகளுக்கு விரலால் இடம் காட்டியிருப்பேன்,
இங்க இல்லைங்க, அதுக்குக் கீழ.
இன்று எனக்கு யாரோ காட்டினார்கள்.
தமிழில் போட்டேன்.
கு-வின் வால் கோணிக் கோட்டைத் தாண்டியது.
என் மேஜையில் எவனாவது அப்படிப் போட்டிருந்தால்
திட்டியிருப்பேன்.

அந்த நேரம் பார்த்துக் கப்பல் ஊதியது,
கெட்டிமேளம் போல, என்று எழுத ஆசைதான்.
ஊதியது உண்மை. ஆனால் அது
மீன் வறுவல் தின்று, கார் நிறுத்திய இடம் மறந்து
நாலு பேரும் எதிர்காற்றில் தேடிக்கொண்டிருந்தபோது.
தூக்குப் பாலம் பதிலுக்கு ஊதியது.
தாது ஏற்ற வரும் காலிக் கப்பல் என்றான் ஐவர்.
என் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டான், கேட்காமலே.

ஊரில் பின்னிரவு இரண்டரை.
முதல் மணியிலேயே எடுத்தாள்.
"ஆச்சா?"
"ஆச்சு" என்றேன்.
அதையடுத்துச் சொல்லிப் பழகிய வாக்கியம்
நாக்கு நுனிவரை வந்துவிட்டது.
அவள் வீட்டில்தான் இருந்தாள்.